மாட்டிக்கொண்டேன் என்று எழுதாதவள்

சென்ற மாதம் ஒரு பிற்பகலில் ஜெனிஃபர் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் ஆங்கில வகுப்புகளை எடுத்துக்கொண்டவள் அவள். கல்லூரியில் இனிமேல் பேச்சு ஆங்கிலத்தை ஒரு கைப்பேசிச் செயலிதான் சொல்லிக்கொடுக்கப் போகிறதாம். ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதுமாம்.

“அதுல எல்லாம் இருக்கு மிஸ். உங்க சுவர் கிளாஸ் மட்டும் இல்ல. அதை எப்படி நடத்துவீங்கன்னு எழுதிக் கொடுங்களேன். சும்மா கேக்கல, நிஜமாவே வேணும்,” என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் செய்முறை மட்டும் தனியாக வர மறுக்கிறது. மாதேஸ்வரியும் கூடவே வருகிறாள். அவளை ஒதுக்கிவிட்டு அந்த வகுப்பைப் பற்றி எழுதினால், நான் பெருமையாக நினைவுகூரும் பாதியை மட்டும் எழுதியதாகும். அதனால் முழுவதையும் எழுதுகிறேன். ஜெனிஃபர் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

நான் மைசூர் மண்டி மொஹல்லாவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டிலும் மாதா கோயிலிலும் தமிழ், தெருவில் கன்னடம், கான்வென்ட்டில் ஆங்கிலம். நர்ஸாக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். விண்ணப்பம் போட வேண்டிய சமயத்தில் அம்மா படுத்த படுக்கையானாள். அவளைப் பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. வரை முடித்தேன். ஒரு பெண்கள் கல்லூரியில் தற்காலிக இடம் காலியாக இருப்பதாக யாரோ சொன்னார்கள். போனேன்.

நேர்காணலில் கேட்டார்கள்: ஆசிரியர் வேலைக்கு எப்படி வந்தாய்? நான் “எண்ட் அப்” என்ற சொல்லைப் போட்டேன். எங்கோ போகக் கிளம்பிக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன் என்பது அதற்குப் பொருள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆங்கிலத் துறைத் தலைவி வேதவல்லி மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

வேலை கிடைத்தது. முதல் நாள் மாடிப்படியில் அவர் என்னை நிறுத்தினார். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். வகுப்பில் ஆங்கிலம், அலுவலகத்தில் கன்னடம், தனியாக இருக்கும்போது என்னிடம் மட்டும் அவர்கள் வீட்டுத் தமிழ்.

“எண்ட் அப்னு சொன்னயே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு நீதானே வீட்டோட இருந்தே? யாராவது உன்னைக் கட்டிப்போட்டாளா?”

“இல்ல மேடம்.”

“அப்போ நீயாத்தான் இருந்தே. நல்ல காரியம்தான். அதை ஏன் தானா நடந்தாப்போல சொல்றே?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் படியேறிப் போய்விட்டார். அதுதான் அவர் சுபாவம். ஒரு கேள்வியை வைத்துவிட்டு விலகிவிடுவார். பதிலை நாம் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

சுவர் வகுப்பு அவருடைய கண்டுபிடிப்பு. ஆங்கிலத்தில் ஒரு சின்ன வினைச்சொல்லோடு அப், இன், இன்டு என்று ஒரு துண்டைச் சேர்த்தால் பொருள் வேறெங்கோ போய்விடும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மறுநாள் மறந்துவிடுவார்கள். நினைத்துப் பார்க்காமல் ஒன்றில் போய்ச் சேர்வதைச் சொல்லும் சொற்கள் இன்னும் கஷ்டம். “மிக்ஸ்டு அப் இன்” என்றால் வேண்டாத காரியத்தில் பெயர் கலந்துவிடுவது. “டிராக்டு இன்டு” என்றால் இன்னொருவர் இழுத்துப் போடுவது. “காட் அப் இன்” என்றால் சூழ்நிலையில் சிக்கிக்கொள்வது. எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் “இன்வால்வ்டு” என்ற ஒரே சொல்லைப் போடுவார்கள். அது ஈடுபட்டதையும் சொல்லும், அகப்பட்டதையும் சொல்லும்.

மேடம் பெஞ்சுகளை நடுவில் தள்ளச் சொல்வார். ஒரு பெண் எழுந்து தன் வாழ்க்கையில் நடந்ததை ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் எழுந்து நடக்க வேண்டும். அவள் விரும்பிப் போனாள் என்று நினைப்பவர்கள் கரும்பலகைச் சுவருக்கு. யாரோ இழுத்தார்கள் என்பவர்கள் ஜன்னல் சுவருக்கு. கால் தவறி நுழைந்தாள் என்பவர்கள் கதவோரத்துச் சுவருக்கு. பிறகு ஒவ்வொரு சுவரும் அவளைக் கேள்வி கேட்கும். பதிலைக் கேட்டு மனம் மாறியவர்கள் சுவர் மாறலாம். எல்லோரும் ஒரே சுவருக்கு வந்து சேரும் வரை அவள் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் அந்தச் சொல் எலும்பில் இறங்கிவிடும்.

ஒரு தடவை ஒரு பெண், தன் அண்ணன் ஒரு சண்டையில் “மிக்ஸ்டு அப்” ஆனான் என்றாள். சுவர்கள் கேள்வி கேட்கக் கேட்க, அண்ணன் சிறையில் இருப்பது வெளியே வந்துவிட்டது. வகுப்பு உறைந்து நின்றது. நான் மேடத்துக்கு உதவியாக ஓரத்தில் நின்றிருந்தேன். மேடம் எழுந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, “இப்போ என் முறை,” என்று தன் கல்யாணக் கதையைச் சொன்னார். வேண்டாம் வேண்டாம் என்றவரை அத்தை பேசிப் பேசியே மணையில் உட்கார வைத்த கதை. முழு வகுப்பும் ஜன்னல் சுவருக்கு ஓடியது. சிரிப்புச் சத்தத்தில் மணியடித்தது. அன்றிலிருந்து வீட்டுக் கதை வேண்டாம், கற்பனையாகச் சொன்னால் போதும் என்று விதி மாறியது.

மேடம் ஓய்வு பெற்றபின் அந்த வகுப்பு என்னுடையதாயிற்று. வேறு எதற்கும் என்னை யாரும் நினைவு வைத்துக்கொள்ள மாட்டார்கள். சுவர் வகுப்புக்காக நினைவு வைத்துக்கொண்டார்கள்.

மாதேஸ்வரி என் கடைசி வருடங்களில் வந்தவள். ஹனூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். மக்காச்சோளம் விதைக்கும் குடும்பம், அப்பா இல்லை. வீட்டில் தமிழ் பேசி, கன்னடப் பள்ளியில் படித்து, பி.காம். சேர்ந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். முதல் வருடம் முழுக்க வாயே திறக்கவில்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மிஸ், நாம மாட்டிக்கிட்டேன், சிக்கிக்கிட்டேன்னு சொல்றமில்லீங்களா. அந்த ‘கிட்டேன்’ல என்ன இருக்குதோ, அதை அவங்க அந்த ‘அப்’புல வெச்சிருக்காங்க. அப்படித்தானுங்களே?”

முழுக்கச் சரியில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒருத்திகூட அப்படி யோசித்துக் கேட்டதில்லை. மறுநாள் அவளை எழுப்பி வாக்கியம் சொல்லச் சொன்னேன். குடையைத் திருப்பிக் கொடுக்கப் போன வீட்டில் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்த கதையை ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்கூடப் புத்தகச் சொல் இல்லை. நான்தான் முதலில் கை தட்டினேன்.

அதன்பின் அவள் மலர்ந்துகொண்டே போனாள். கடைசி வருடத்தில் எனக்குப் பதிலாக அவளே சுவர் வகுப்பை நடத்தும் அளவுக்கு வந்துவிட்டாள். பட்டம் வாங்கி நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்தாள். பிறகு மைசூரில் ஓர் ஏஜென்ட் மூலம் வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, வாடிக்கையாளர்களோடு ஆங்கிலத்தில் பேசும் வேலை என்று சொல்லிவிட்டுப் போக வந்தாள். தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினேன்.

அந்த வருடமே நான் ஓய்வு பெற்றேன். கணவர் முன்பே காலமாகிவிட்டார். மகன் பெங்களூரில். காலையில் எழுந்தால் பேச ஆள் இல்லை. அந்தச் சமயத்தில்தான் மாதேஸ்வரியிடமிருந்து கைப்பேசியில் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. எல்லாமே ஆங்கிலத்தைப் பற்றிய கேள்விகள். முன்பின் தெரியாத ஒருவரோடு எதிர்பாராமல் பேச நேர்ந்ததை எப்படி இயல்பாகச் சொல்வது? தவறான எண்ணுக்கு அனுப்பிவிட்டு அப்படியே பேச்சு தொடர்ந்ததை எப்படிச் சொல்வது? “ரன் இன்டு” சரியா, “ஸ்டம்பிள் அபான்” சரியா?

எனக்குத் தட்டச்சு செய்ய வராது. குரல் பதிவாக அனுப்பினேன். ஒவ்வொன்றும் ஒரு சின்ன வகுப்பு. காபியை ஆற வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுவேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தியிடம் பழைய மாணவி கடல் கடந்தும் பாடம் கேட்கிறாள் என்று கோயிலில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். எதற்காகக் கேட்கிறாய் என்று ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை.

பிறகு செய்திகள் நின்றுவிட்டன. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்த சமயம் அவளுடைய அம்மா பொன்னம்மா போன் செய்தார். பெண் திரும்பி வந்துவிட்டாள், மைசூரில் போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பக்கத்தில் என் மிஸ் இருக்க வேண்டும் என்கிறாள் என்றார். நான் ஆட்டோ பிடித்துப் போனேன்.

விசாரித்தது ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். முப்பது வயதிருக்கும், நிதானமானவர். அவர் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். நடந்தது இதுதான் என்று சுருக்கமாகச் சொன்னார். வேலை என்று அழைத்துப் போனவர்கள் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆற்றைக் கடந்து இன்னொரு நாட்டுக்குள், முள்வேலி போட்ட கட்டடம் ஒன்றுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே பல நாட்டுப் பிள்ளைகள். வேறு யாருடைய புகைப்படத்தையோ வைத்துக்கொண்டு, தனியாக வாழும் வெளிநாட்டுக்காரர்களோடு தவறான எண்ணுக்கு வந்ததுபோல் பேச்சைத் தொடங்கி, நட்பாகி, அவர்கள் சேமிப்பைப் போலி முதலீட்டில் போட வைப்பது வேலை. கடைசியில் தூதரகம் தலையிட்டு மீட்டிருக்கிறது.

“இந்த ஏஜென்டைப் பிடிக்க இவள் வாக்குமூலம் வேண்டும். ஏமாந்தவர்களின் நாட்டுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் ஆங்கிலத்தில், அவளே தன் கையால் எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஆனால் சொல்லிக்கொடுக்கக் கூடாது,” என்றார்.

மாதேஸ்வரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பதுபோல.

எழுதத் தொடங்கினாள். முதல் பக்கத்தை நான் ஓரக்கண்ணால் படித்தேன். ஏஜென்ட், விமானம், ஆறு, முள்வேலி. அங்கே “எண்ட் அப்” என்று போட்டிருந்தாள். வேலை செய்ய மறுத்தவர்களை வெயிலில் நிறுத்தியதையும், சாப்பாட்டை நிறுத்தியதையும், அடித்ததையும் எழுதினாள். எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டாம் பக்கத்தில் சொற்கள் மாறின. “நான் அதில் தேர்ந்தேன்” என்று எழுதினாள். “ஒரு முதியவரை ஏமாற்றினேன்” என்று எழுதினாள். அவர் மனைவியை இழந்தவர், தன் தோட்டத்துத் தக்காளிச் செடிகளைப் படமெடுத்து அனுப்புவார், வீட்டை விற்று அந்தத் தொகையை அனுப்பினார் என்று எழுதினாள். எழுவாயாக ஒவ்வொரு வாக்கியத்திலும் நான், நான், நான்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு ஏதோ அழைப்பு வந்து பக்கத்து அறைக்குப் போனார். நான் குனிந்தேன்.

“மாதேசு, ஸ்வல்ப யோசி மா. ‘காட் அப் இன்’னு ஒரு வார்த்தை போட்டா போதும். மாட்டிக்கிட்டேன்னு அர்த்தம் வந்துடும். பொய் இல்லையே.”

“முத பக்கத்துக்கு அது சரிங்க மிஸ். இந்தப் பக்கத்துக்கு ஆகாதுங்க.”

“உன்னை அடிச்சாங்க இல்ல?”

“மொதல்ல அடிச்சாங்க. அப்பறம் அடிக்கலீங்க. அப்பறம் கை தட்டுனாங்க.” பேனாவை மூடித் திறந்தாள். “கை தட்டுனப்ப எனக்கு நல்லா இருந்துச்சுங்க மிஸ்.”

சட்டத்துக்கு அவள் பயப்பட வேண்டிய இடத்தில் நான்தான் அவளுக்காகப் பயந்து, ஒளிந்துகொள்ள ஒரு சொல்லைத் தேடிக் கொடுத்தேன். அவள் வேண்டாம் என்றாள். வாழ்நாள் முழுதும் அந்தச் சொற்களின் வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அவள் தொடர்ந்து எழுதினாள். அங்கிருந்த மற்ற பிள்ளைகள் புத்தக ஆங்கிலத்தில் எழுதி மாட்டிக்கொண்டார்களாம். எதிர்முனையில் பேசுபவர்கள் சந்தேகப்பட்டு விலகிவிடுவார்களாம். இவள் எழுதினால் யாரும் விலகவில்லை. அதனால் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தச் சொன்னார்கள். “நான் படித்ததை வைத்து அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன்” என்று ஒரு வரியில் முடித்திருந்தாள்.

“எப்படி நடத்துன?” என்று கேட்டேன். எதற்கு அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“உங்க மாதிரியேதானுங்க. செவுத்தோரம் நிக்க வெச்சு.”

அடுத்ததையும் கேட்டேன்.

“நான் அனுப்புன வாய்ஸ் மெசேஜெல்லாம்?”

அவள் என்னை நேராகப் பார்க்கவில்லை. “போட்டுக் காமிச்சனுங்க. எல்லாருக்கும்.”

நான் அவள் எழுதிய பக்கங்களை வாங்கி மீண்டும் படித்தேன். என் குரல் அதில் எங்கும் இல்லை. என் பெயர் இல்லை. முதலில் எனக்குள் வந்தது நிம்மதி. அதை இங்கே எழுதக் கை கூசுகிறது, ஆனால் நிம்மதிதான் வந்தது. கோயிலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னது, மகன், மருமகள், கல்லூரி எல்லாம் ஒரு கணத்தில் மனதில் ஓடி, நல்லவேளை என்று மூச்சு விட்டேன். பிறகு எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்தேன். தன் பெயரை எல்லா வாக்கியத்திலும் எழுதி வைத்துவிட்டு, என் பெயரை மட்டும் மூடி வைத்திருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து, “முடிந்ததா? எல்லாம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

நான் மாதேஸ்வரியிடம், “ஒண்ணு விட்டுப் போயிருக்கு மா,” என்றேன்.

“விட்டுப் போகலீங்க மிஸ். நான்தான் விட்டேன். உங்க பேரு அதுல எதுக்குங்க?”

நான் அந்த அதிகாரியிடம் திரும்பி, கன்னடத்தில், குரல் பதிவுகளைப் பற்றிச் சொன்னேன். என் கைப்பேசியைக் கேட்டார். கொடுத்தேன். மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாக ஓடவிட்டார். கணினியில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு காவலர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

என் குரல் அந்த அறையில் எவ்வளவு உற்சாகமாக ஒலித்தது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “வெரி குட் கொஸ்டின் மா,” என்கிறேன். நடுவில் சிரிக்கிறேன். ஒரு பதிவில் தமிழில் விளக்குகிறேன்: “தேடி வந்தவங்கன்னா மனுஷங்களுக்குச் சந்தேகம் வரும். தவறி வந்தவங்கன்னா வராது. அதனாலதான் இங்கிலீஷ்ல ‘ஆக்ஸிடென்டலி’ன்னு சொல்ல மாட்டாங்க. அப்படிச் சொன்னாலே யோசிச்சுச் சொன்ன மாதிரி ஆயிடும். ‘ஐ எண்டட் அப் டாக்கிங் டு யூ’ன்னு சும்மா சொல்லு. தானா நடந்த மாதிரி இருக்கும்.”

சப்-இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் கொஞ்சம் புரியும்போல. அந்தப் பதிவை இன்னொரு தடவை போட்டார்.

“இதெல்லாம் எதற்கு என்று அவள் சொன்னாளா மேடம்?”

“இல்லை.”

“நீங்கள் கேட்டீர்களா?”

“இல்லை.”

“ஏன்?”

அந்த ‘ஏன்’ கடுமையாகக் கேட்கப்பட்டதல்ல. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்பட்டது. எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. “அவள் கேட்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் கேட்டால் நின்றுவிடுமோ என்று இருந்தது,” என்றேன். என் வயதில், ஒரு காவல் நிலையத்தில், மாணவியின் எதிரில் அதைச் சொல்ல வேண்டி வந்தது.

“அப்படியானால் நீங்களும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். உங்கள்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பதிவில் இருக்க வேண்டும்.”

ஒரு தாளைத் தந்தார். நான் “டிரான் இன்டு” என்று தொடங்கினேன். உள்ளே ஈர்க்கப்பட்டேன் என்று பொருள். எழுதி முடித்ததும் மாதேஸ்வரி அதைப் பார்த்தாள். அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: அவள் கேள்விகளுக்கு நான் பதில் சொன்னேன். எதற்காகக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பின் நடந்தது மெதுவாக நடந்தது. மாதேஸ்வரியைச் சாட்சியாகச் சேர்த்தார்கள். ஏஜென்ட் பிடிபட்டான், வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு அவள் ஹனூரிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். வெளிநாட்டு அதிகாரிகள் கணினித் திரை வழியாக அவளை விசாரித்தார்கள். அவள் சொன்னதை மாற்றவே இல்லை. என் கைப்பேசி சில நாள் அங்கேயே இருந்தது. எங்கள் கோயிலில் விஷயம் எப்படியோ தெரிந்தது. யாரும் முகத்துக்கு நேராக எதுவும் கேட்கவில்லை. “உங்க ஸ்டூடண்ட்தானாமே,” என்று ஒருத்தி மட்டும் இழுத்தாள். நான் முன்வரிசையில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் பொன்னம்மா மறுபடி பேசினார்.

“டீச்சரம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். போன்ல கேக்கறதுக்கில்லீங்க.”

கொள்ளேகால் வழியாகப் போனேன். வாசலில் மக்காச்சோளக் கதிர்கள் காயப் போட்டிருந்தன. பொன்னம்மா என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, தான் தரையில் உட்கார்ந்து கதிர்களை உதிர்த்துக்கொண்டே பேசினார். கைகள் நிற்கவே இல்லை. மாதேஸ்வரி கதவை ஒட்டி நின்றிருந்தாள்.

“ஊருல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அந்தூருல வெச்சு என்னத்தையோ பண்ணிப்போட்டாங்கங்கறாங்க. இது வாயத் தொறக்க மாட்டீங்குது. நான் என்னன்னு நெனைக்கறதுங்க? நீங்க கூட இருந்து எழுதிக் குடுத்தவங்க. எம்புள்ள அங்க என்னதானுங்க பண்ணுச்சு?”

பேச்சுதான் என் தொழில். “அது தெரியாமப் போய் அங்க மாட்டிக்கிச்சுங்க,” என்று தொடங்கினேன். அதற்கு மேல் வாக்கியம் போகவில்லை.

“நான் சொல்றனுங்க மிஸ்,” என்றாள் மாதேஸ்வரி. அம்மாவுக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா, யாரும் என்னை நீ நெனைக்கற மாதிரி ஒண்ணும் பண்ணல. அடிச்சாங்க, பட்டினி போட்டாங்க. அதுக்கப்பறம் நான் அவங்க சொன்னதைச் செஞ்சேன். பொய்ப் பேரு வெச்சுக்கிட்டு வயசானவங்ககிட்ட பாசமாப் பேசி, அவங்க காசைப் பிடுங்கிக் குடுத்தேன். ஒரு பெரியவரு. பொண்டாட்டி செத்துப்போச்சு அவருக்கு. தெனமும் காலையில எனக்கு வணக்கம் சொல்லுவாரு. என்னைய நம்பி வீட்டை வித்துட்டாரு. மத்த புள்ளைகளுக்கும் அதை நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

பொன்னம்மாவின் கைகள் நின்றன. பாதி உதிர்ந்த கதிர் மடியில் கிடந்தது. பெண்ணை அடிப்பார் என்று நினைத்தேன், அல்லது கட்டிக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, அந்தப் பெரியவரு இப்ப எங்க இருக்காருங்க? சோத்துக்கு என்ன பண்றாரு?”

நான் மாதேஸ்வரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எத்தனை பக்கம் எழுதியிருந்தோம், எந்தச் சொல் சரி, எந்தச் சொல் தவறு என்று எவ்வளவு யோசித்திருந்தோம். இதை இருவருமே யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

“தெரியலம்மா,” என்றாள் அவள்.

“தெரியலைன்னா? கேட்டுப் பாக்கோணுமில்ல.” பொன்னம்மா கதிரை எடுத்து மறுபடி உதிர்க்க ஆரம்பித்தார். “வீட்டை வித்தவரு. வயசான காலத்துல எங்க போயிப் படுப்பாரு.”

அன்று மத்தியானமே மாதேஸ்வரி என்னோடு பஸ் ஏறினாள். மைசூரில் இறங்கி நேராக அந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் போய், அந்த முதியவர் எப்படி இருக்கிறார், எங்கே தங்கியிருக்கிறார் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டுவிட்டு, அந்த நாட்டு அதிகாரிகளுக்கு எழுதுவதாகச் சொன்னார்.

பதில் இன்னும் வரவில்லை. பொன்னம்மா எப்போதாவது எனக்குப் போன் செய்வார். என் உடம்பை விசாரிப்பதற்கும் முன்னால், “அந்தப் பெரியவரைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?” என்று கேட்பார். இன்னும் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.